எந்த நாவலுக்கு உங்கள் ஓட்டு?

(நமது சங்கத்தின் அல்சூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் நடுவே வந்த கிளைக்கதைகள் சிலவற்றைக் குறைத்து எழுதியிருக்கிறேன்.)



இலக்கியம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டபோது, நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன், எனக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "அதனால்தான் சார் கேட்கிறேன், சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுவீர்கள்" என்றார். அவர் நம்பிக்கையைக் காப்பாற்ற முயல்கிறேன்.

கனடா தேசத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் மார்ச் மாதவாக்கில், ரேடியோவில் ஒரு சண்டை நடக்கும். எலெக்‌ஷன் சண்டை இல்லை, ஹாக்கிச் சண்டையும் இல்லை. தேசம் முழுவதும் இந்த வருஷம் படிக்க வேண்டிய ஒரே புத்தகம் எது என்ற சண்டை. சி.பி.சி. என்னும் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2002ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. பெயர் 'கனடா ரீட்ஸ்'. ஐந்து பிரமுகர்கள், ஆளுக்கொரு கனடியப் புத்தகம். பாடகர், நடிகை, விளையாட்டு வீரர், முன்னாள் அமைச்சர் என்று பலரும் வருவார்கள். எழுத்தாளர்தான் வர வேண்டும் என்பதில்லை. தன் புத்தகத்துக்காக ஒவ்வொருவரும் வக்கீல் மாதிரி வாதாட வேண்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஐவரும் ஓட்டுப் போட்டு ஒரு புத்தகத்தை வெளியே அனுப்புவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஜெயித்த புத்தகம். புத்தகம் எழுதியவர் அங்கே வாயே திறக்க முடியாது.

என் பெண் டொரான்டோவில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அங்கே காலையில் நடப்பது நமக்கு ராத்திரி சாப்பாட்டு வேளை. கம்ப்யூட்டரில் கேட்கலாம். ஒரு புத்தகத்துக்காகப் பெரிய மனிதர்கள் மேஜையைத் தட்டிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ரசம் சாதம் சாப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டில் சீரியல் ஓடும் நேரம் என்பதால் நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

முதல் வருஷத்து ஐந்து புத்தகங்களைப் பாருங்கள். ஐந்தில் இரண்டு நம் பக்கத்தில் பிறந்தவர்கள் எழுதியவை. ஒன்று பம்பாயில் பிறந்த பார்ஸிக்காரர் ரோஹின்டன் மிஸ்த்ரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்'. 1975 எமர்ஜென்ஸி காலத்தில் நான்கு பேர் ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டு வாழும் கதை. இன்னொன்று 1943இல் கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாட்ஜியின் 'இன் தி ஸ்கின் ஆஃப் எ லயன்'. ஜெயித்தது இதுதான். டொரான்டோ நகரத்துப் பாலத்தையும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் கட்டிய கூலிக்காரர்களின் கதை. பாலமும் நிலையமும் இன்றைக்கும் இருக்கின்றன. கட்டியவர்களின் பெயர்கள்தான் எங்கும் இல்லை. அதில் ஹாரிஸ் என்று ஒரு கமிஷனர் வருகிறார், நிஜமாகவே இருந்த நகராட்சி அதிகாரி. அரசாங்க அதிகாரியை லஞ்சப் பேய் ஆக்காமலும் மகாத்மா ஆக்காமலும், தன் மனத்தில் உள்ள கட்டடத்தின் மேல் பித்துப் பிடித்த மனுஷனாகக் காட்டிய நாவல் அது. எங்கள் ஜாதிக்கு, அதாவது சர்க்கார் ஜாதிக்கு, இலக்கியத்தில் கிடைத்த அபூர்வ மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

2005இல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்த வருஷம் ஜெயித்தது 'ராக்பவுண்ட்' என்ற நாவல். வெளிவந்த வருஷம் 1928. எழுதிய ஃப்ராங்க் பார்க்கர் டே காலமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோவா ஸ்கோஷியா கரையோரத் தீவில் மீன் பிடிக்கும் குடும்பங்களின் கதை. பல்கலைக்கழகப் பதிப்பாக எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. டோனா மோரிஸி என்ற எழுத்தாளர் அதை எடுத்துக்கொண்டு வந்து சபையில் வாதாடினார். அடுத்த சில வாரங்களில் அது கடை வாசலில் அடுக்கி விற்கும் புத்தகமாகிவிட்டது. செத்துப்போன ஆசாமிக்குப் பரிசு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஆனால் செத்துப்போன புத்தகத்தை எழுப்ப முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1890களில் பத்திரிகையில் தொடராக வந்தது. அவர் இருபத்தாறு வயதில் போய்விட்டார். அந்தப் புத்தகத்துக்காக நம் ரேடியோவில் யாராவது ஒரு நாள் மேஜையைத் தட்டியிருந்தால் நம் வீடுகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

சண்டை எப்போதும் சமர்த்தாகவே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2012இல் நாவலை விட்டுவிட்டு வாழ்க்கைக் கதைகளை வைத்து நடத்தினார்கள். கியூபெக்கைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர், ஒரு நூலாசிரியை பயங்கரவாதி என்றும், இன்னொருவர் சொல்வது உண்மையில்லை என்றும் ஒலிபரப்பிலேயே பேசிவிட்டார். தேசமே அமளிப்பட்டது. பயங்கரவாதி என்று அவர் சொன்னாரே, அந்தக் கார்மென் அகிர்ரேயின் புத்தகம்தான் கடைசியில் ஜெயித்தது. எதிர்க்கட்சி வக்கீலின் உபகாரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்ல வந்த வருஷத்துக்கு வருகிறேன். 2018. "அப்பா, ஒரு தமிழ்க் கப்பலோட கதை போட்டியில இருக்கு" என்று என் பெண் சொன்னாள். ஷேரன் பாலா என்பவரின் முதல் நாவல், 'தி போட் பீப்பிள்'. அவர் துபாயில் பிறந்து, ஒன்டாரியோவில் வளர்ந்து, கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் ஊரில் வசிப்பவர். பூர்விகம் இலங்கை.

கதைக்கு ஆதாரம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 2010 ஆகஸ்டில் 'எம்.வி. சன் ஸீ' என்ற பழைய சரக்குக் கப்பல், இலங்கைப் போர் முடிந்து ஓராண்டு கழித்து, 492 தமிழர்களோடு கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷம் 76 பேரோடு இன்னொரு கப்பல் வந்திருந்தது. வந்தவர்களில் பலரை மாதக்கணக்கில் காவலில் வைத்து, இவர்கள் அகதிகளா புலிகளா என்று விசாரித்தார்கள். அதற்கும் வெகு முன்னால், 1986 ஆகஸ்டில், 155 இலங்கைத் தமிழர்களை இரண்டு உயிர்காக்கும் படகுகளில் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றிக் கரை சேர்த்தவர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள். ஷேரன் பாலா வசிப்பது அதே தீவில்.

நாவலில் மூன்று பேர். மகிந்தன் என்ற மெக்கானிக், ஆறு வயதுப் பிள்ளையோடு கப்பலில் வந்தவன். பிரியா என்ற சட்ட மாணவி, அங்கேயே வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண், தமிழ் அரைகுறை. மூன்றாவது கிரேஸ் நாகமுரா. இந்த அகதிகளை உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானிக்க அரசாங்கம் நாற்காலியில் உட்கார வைத்த அதிகாரி. அவள் குடும்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1942 முதல் கனடா அரசாங்கம் சுமார் 22,000 ஜப்பானிய வம்சத்தவரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. சொத்தை எல்லாம் விற்றுவிட்டது. 1988இல்தான் மன்னிப்புக் கேட்டது. கிரேஸின் வயதான அம்மாவுக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. பறிபோன வீடு மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது.

மற்றவர்கள் மகிந்தனுக்காக அழுதிருப்பார்கள். நான் கிரேஸை விட்டு நகரவில்லை. எதிரே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் வாழ்க்கை இரண்டு ஃபைலில் இருக்கிறது. அவன் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார். ஆதாரம் கேட்டால், எரிந்துபோன ஊரிலிருந்து என்ன ஆதாரம் கொண்டுவருவது? சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது, நாட்டுக்கா அவனுக்கா? மேலே அமைச்சர் வேறு என்ன நினைக்கிறார் என்று ஜாடை காட்டிக்கொண்டே இருக்கிறார். இதைவிடச் சிறிய விஷயங்களில் கையெழுத்துப் போட்ட எனக்கே அந்தப் பேனாவின் கனம் தெரியும். இந்த நாவலுக்கு 2019இல் அமெரிக்காவில் சட்டம் சார்ந்த புனைகதைக்கான ஹார்ப்பர் லீ பரிசு கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கவனிக்க வேண்டியது, நாவல் தீர்ப்பைச் சொல்லாமலே முடிகிறது. மகிந்தன் விஷயத்தில் கிரேஸ் என்ன முடிவெடுத்தாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நாமாக இருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பு சொல்ல மறுக்கிற புத்தகத்தை, நான்கு நாளில் தீர்ப்பு சொல்லியே தீர வேண்டும் என்கிற ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள்! இந்த ஆட்டத்தில் இருக்கிற கோணலும் ருசியும் இதுதான்.

அதற்காக வாதாடியவர் மொஷ்தா ஜமால்ஸாதா, ஆப்கானிஸ்தானிலிருந்து குழந்தையாக அகதியாய் வந்த பாடகி. தமிழ் அகதிகளின் கதைக்கு ஆப்கான் அகதி வக்கீல். புத்தகம் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது மார்க் சகமோட்டோவின் 'ஃபர்கிவ்னெஸ்', ஜீன் பெக்கர் கொண்டுவந்தது. அது நாவலே அல்ல, குடும்ப வரலாறு. ஜப்பானியரிடம் போர்க்கைதியாகச் சித்திரவதைப்பட்ட தாத்தா ஒரு பக்கம். ஜப்பானிய வம்சம் என்பதால் கனடா அரசாங்கத்திடம் வீட்டைப் பறிகொடுத்த பாட்டி மறுபக்கம். நல்ல புத்தகம்தான், குறை சொல்லவில்லை. கிரேஸின் அம்மா கதையும் இந்தப் பாட்டி கதையும் ஒன்றேதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றில் சமாதானம் ஆகிவிட்டது, தலைப்பிலேயே 'மன்னிப்பு' இருக்கிறது. இன்னொன்றில் கதவு பாதி திறந்தபடி நிற்கிறது. ஓட்டுப் போடச் சொன்னால் ஜனங்கள் சமாதானத்துக்குப் போடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். அந்த வருஷத்துக் கருப்பொருள் 'கண்ணைத் திறக்கும் ஒரு புத்தகம்' என்பது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் நாவலெல்லாம் மருந்து பாட்டில் ஆகிவிடுகிறது. எந்த வியாதிக்கு எந்த பாட்டில், எது வேகமாக வேலை செய்யும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. எப்படி எழுதியிருக்கிறார் என்பது பின்னால் போய்விடுகிறது.

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம், பௌதிகம் படித்ததற்கு அது ஒன்றுதான் மிச்சம். ஐந்து பேர், ஐந்து ஓட்டு. தன் புத்தகத்துக்கு எதிராக யாரும் போட மாட்டார். முதல் நாள் மூன்று ஓட்டு மூன்று பக்கம் சிதறிவிட்டால், இரண்டே ஓட்டில் ஒரு புத்தகம் போய்விடும். ஐவரில் மூவருக்கு அதன் மேல் ஆட்சேபமே இல்லாவிட்டாலும் போய்விடும். கடைசி நாளில் மிஞ்சிய இருவரும் தத்தம் புத்தகத்துக்கே போடுவார்கள், ஆகவே தீர்மானிப்பவர்கள் ஏற்கெனவே தோற்றுப்போன மூன்று பேர்! அவர்களை முதல் மூன்று நாளில் கோபப்படுத்தியவன் தொலைந்தான். அதனால் இதில் ஜெயிப்பது ரொம்பப் பேருக்கு ரொம்பப் பிடித்த புத்தகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. யாருக்கும் அதிகம் பிடிக்காமல் போகாத புத்தகமாக இருந்தால் போதும். ஓட்டெடுப்பின் இந்த மாதிரி விசித்திரங்களைப் பற்றி காண்டார்ஸே என்ற பிரெஞ்சுக்காரர் 1785லேயே புத்தகம் எழுதிவிட்டார்.

நம்மவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலத்தில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919லும் 921லும் வெட்டியவை. யோக்கியதை உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் நிற்கவே கூடாது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஆகவே எனக்கு அங்கே இடமில்லை, இந்த முன் வரிசையில் பாதிப் பேருக்கும் இல்லை.

சரி, நம் தேசத்தில் இப்படி ஒன்று ஏன் இல்லை? நம் ஆகாசவாணி 1956 முதல் குடியரசு தினத்தை ஒட்டி சர்வபாஷா கவி சம்மேளனம் நடத்திவருகிறது. எல்லா மொழிக் கவிகளும் வந்து வாசிப்பார்கள், மொழிபெயர்ப்பும் உண்டு. யாரும் ஜெயிக்க மாட்டார்கள், யாரும் தோற்க மாட்டார்கள். எல்லாருக்கும் சால்வை. நாடு பெரிது, மொழி அதிகம், யாரையும் வெளியே அனுப்ப முடியாது என்பது நியாயமான பயம்தான். சாகித்ய அகாதெமி 24 மொழிகளுக்கும் தனித்தனியே பரிசு கொடுப்பதும் அந்தக் காரணத்தால்தான். எல்லா மொழிக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஞானபீடப் பரிசோ மூடிய அறையில் முடிவாகிறது. காலையில் பேப்பரில் பார்க்கிறோம். யார் யாருக்காக வாதாடினார், எதிர்த்தவர் என்ன சொன்னார் என்பது தெரிவதில்லை.

நம் ஒலிபரப்பில் ஒரு நாவல் தேசத்தையே வாதாட வைத்தது என்றால் எனக்கு ஞாபகம் வருவது 1988. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்', பிரிவினைக் கலவர நாவல், தூர்தர்ஷனில் தொடராக வந்தது. இது பகையை வளர்க்கும், நிறுத்த வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டுத் தடை விதிக்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நம் ஊரில் நாவல் விவாதத்துக்குக் கோர்ட்டுதான் மேடை. இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

நம் பெங்களூருக்கே சொந்தமான ஓர் உதாரணம் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். கோலார் ஜில்லாக்காரர், வீட்டில் பேசிய மொழி தமிழ், மைசூர் சமஸ்தானத்தில் பெரிய அதிகாரி. எழுதியதெல்லாம் கன்னடம். குடகின் கடைசி ராஜாவைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீடம் அவருக்குக் கிடைத்தது. 1834இல் ஒரு ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போனதற்கு வெளியே இருந்த எதிரி எவ்வளவு காரணம், உள்ளே இருந்த சீர்கேடு எவ்வளவு காரணம் என்று நிர்வாகி ஒருவரால்தான் அவ்வளவு நிதானமாக எழுத முடியும். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய நாவல்? தமிழருடையதா, கன்னடத்தாருடையதா, குடகுக்காரர்களுடையதா? ஷேரன் பாலா ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்க் கப்பல் கனடா நாவல் ஆன மாதிரிதான் இதுவும். நம் சங்கத்தில் சில பேர் மாஸ்தியை "நம்மவர்" என்று சொல்லிப் பெருமைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெருமைப்படட்டும். படித்துவிட்டுப் பெருமைப்பட்டால் இன்னும் விசேஷம்.

அந்த மாதிரி ஒரு மேஜையில் என்னை உட்கார வைத்து, தேசம் முழுவதும் படிக்க ஒரு நாவல் சொல் என்றால் எதைச் சொல்வேன்? 2018இல் அந்த நான்கு ராத்திரியும் கேட்டு முடித்த பிறகு இதை ரொம்ப நாள் யோசித்தேன். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்தது.

அசோகமித்திரன் 1931இல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். இருபது வயதுக்கு மேல்தான் மெட்ராஸ் வந்தார். நாவலின் சந்திரசேகரனும் சிகந்தராபாத் பையன். அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம், ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. கிரிக்கெட், காலேஜ், சைக்கிள். நம்மில் எத்தனை பேர் இப்படி வளர்ந்தவர்கள்! இந்தப் பத்திரிகை போகிற ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் தெரியும், பம்பாய் மாதுங்கா, கல்கத்தா, டெல்லி, ஜாம்ஷெட்பூர். வேலைக்காக ஓர் ஊருக்குப் போய், அந்த ஊரின் பாலும் தண்ணீரும் பழகி, ஆனால் அந்த ஊர் யாருடையது என்ற சண்டையில் நமக்குப் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். சந்திரசேகரனும் அப்படித்தான். வருஷமோ 1947, 48. நிஜாம் இந்தியாவில் சேர மாட்டேன் என்கிறார். ரஜாக்கர்கள் ஊர்வலம் போகிறார்கள். 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்திய ராணுவம் உள்ளே வருகிறது, ஐந்தே நாளில் முடிந்துவிடுகிறது. பாடப் புத்தகத்தில் இத்தோடு சரி.

நாவல் அங்கே முடியவில்லை. நேற்று வரை பயந்தவர்கள் இன்று பயமுறுத்துகிறார்கள். அந்தக் கலவர இரவில் சந்திரசேகரன் எப்படியோ ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம் பதுங்கியிருக்கும் இடத்துக்குள் போய்விடுகிறான். அவன் அவர்களை ஒன்றும் செய்ய வரவில்லை. ஆனால் அவர்கள் கண்ணுக்கு அவன் யார்? ஜெயித்த பக்கத்து ஆள். தன் குடும்பத்தை விட்டுவிடும்படி அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி தன்னையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். அவன் அருவருத்து, வெட்கி, ஓடுகிறான். அவ்வளவுதான். அவன் நல்லவனா, குற்றவாளியா என்று ஆசிரியர் சொல்லவில்லை. 'தி போட் பீப்பிள்' நாவலில் பாதி திறந்த கதவைச் சொன்னேனே, அதே கதவுதான். அங்கே நாம் வாசலுக்கு வெளியே நிற்கும் ஜனம். இங்கே நாம் உள்ளே நுழைகிறவர்கள்.

அட்சக்கோடு விஷயத்தில் ஒரு சின்ன ஆட்சேபம், விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில். சிகந்தராபாத் 17.4 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18வது கோடு அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் வடக்கே போகிறது. ஆசிரியருக்கு இந்தச் சலுகையைக் கொடுத்துவிடலாம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அல்சூர் மட்டும் கிட்டத்தட்ட மிகச் சரியாகப் பதின்மூன்றாவது கோட்டின் மேல் இருக்கிறது, ஒன்றிரண்டு மைல் வித்தியாசம் இருக்கலாம்.

அல்சூர் என்றதும் 1991 டிசம்பரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டி இந்த நகரத்தில் நடந்தது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி கேட்டோம். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்து அம்மாள் எங்களை வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே மார்க்கெட் போய்க் காய்கறியும் பாலும் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குவார்ட்டர்ஸ்வாசிகள், தப்பித்தோம். உண்மையில் அடிபட்டவர்கள் குடிசைகளில் இருந்த கூலிக்காரத் தமிழர்கள். அந்த வருஷம் திறப்பதாக இருந்த திருவள்ளுவர் சிலை, இதோ ஏரிக்கரைப் பக்கம், பதினெட்டு வருஷம் துணி மூடி நின்றது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு கவிகளும் தத்தம் ஊரில் இல்லாமல் ஊர் மாறி நிற்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்த டிசம்பரை அறிந்த எவரும் '18வது அட்சக்கோடு' நாவலின் கடைசிப் பக்கங்களை வேறு ஊர்க் கதையாகப் படிக்க முடியாது. அதனால்தான் அதைச் சொல்கிறேன், நம் பிராமணக் குடும்பத்துக் கதை என்பதற்காக அல்ல. "நம்மவர் எழுதியது, நம்மவர் பற்றியது" என்று வாதாடினால் மேஜையில் எதிரே இருக்கும் நான்கு பேரும் முதல் நாளே எனக்கு எதிராகப் போடுவார்கள். போட வேண்டியதுதான்.

ஆட்சேபங்கள் வரும், தெரியும். 'பொன்னியின் செல்வன்' இருக்கையில் இது எதற்கு என்று மாமிகள் கேட்பார்கள். 1950 முதல் 54 வரை வாரா வாரம் கல்கி வரக் காத்திருந்த வீடுகள் இன்னும் அதை மறக்கவில்லை. என் வீட்டிலேயே எனக்கு எதிராக ஓட்டு விழும். ஆனால் அதற்கு வக்கீல் தேவையில்லை, ஏற்கெனவே ஜெயித்துவிட்டது, சினிமாவாகவும் வந்துவிட்டது. 'மோகமுள்' என்பார்கள். அதற்கு நான் எதிராகப் பேச மாட்டேன். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர், ரேடியோ விவாதத்தில் அவருக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் கும்பகோணத்துக் காற்றை எந்த மொழிபெயர்ப்பிலும் முழுசாகக் கொண்டுபோக முடியாது. தேசம் முழுவதும் படிக்க வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பில் நிற்க வேண்டும். அசோகமித்திரனின் தமிழ் அலங்காரம் இல்லாதது, சின்னச் சின்ன வாக்கியம், கடல் கடந்தாலும் கரையாது. கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழ் படிக்காத பேரக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அவருக்கு 1996இல் அகாதெமி பரிசு கிடைத்தது, ஆனால் இந்த நாவலுக்கு அல்ல, 'அப்பாவின் சிநேகிதர்' என்ற கதைத் தொகுப்புக்கு. அப்படியும் நடக்கும்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நாமே இதை நடத்திப் பார்க்கலாம். ஐந்து பேர், ஐந்து நாவல், ஆளுக்குப் பத்து நிமிஷம். மூன்று விதிகள் போதும். புத்தகத்தை இரண்டு தடவை படித்திருக்க வேண்டும். எழுதியவரின் ஊர், கோத்திரம், நமக்கு என்ன உறவு என்பதைச் சொல்லக் கூடாது. தோற்றவர் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போகக் கூடாது. 'மோகமுள்'ளுக்கு இப்போதே ஒருவர் கை தூக்கிவிட்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாஸ்தியின் நாவலைக் கன்னடத்திலேயே படித்தவர் யாராவது இருந்தால் அவர் வந்தால் ரொம்ப நன்றாக இருக்கும்.

'18வது அட்சக்கோடு' என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று இரண்டாம் வரிசை மாமி கைக்கு ஏற்கெனவே போய்விட்டது. பாக்கி இரண்டும் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே வைத்திருக்கிறேன். எடுப்பவர்கள் பெயரையும் போன் நம்பரையும் பக்கத்தில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.